விக்கி விக்கி: அன்றும் இன்றும்

முன்பெல்லாம் தமிழில் 'விக்கி விக்கி' என்றால் அழுகைதான். அடிபட்ட குழந்தை, தொண்டை அடைக்கத் தேம்பும் அழுகை. இன்று பள்ளிப் பிள்ளைகளிடம் விக்கி என்றால் வீட்டுப்பாடத்துக்குத் தகவல் தேடும் இடம்.

இந்த விக்கி பசிபிக் கடல் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே 'விக்கிவிக்கி' என்றால் சீக்கிரம், வெகு சீக்கிரம். தமிழுக்கும் ஹவாய் மொழிக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் நம் இலக்கணக் கண்ணால் பார்த்தால் இரண்டுமே அடுக்குத்தொடர்தான். பிரித்தாலும் பொருள் போகாது.

ஹொனலுலு விமான நிலையத்தில் முனையத்துக்கு முனையம் ஓடிய பேருந்துக்கு இந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அங்கே அதைக் கேட்டறிந்த அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம், யாரும் சட்டென்று திருத்தக்கூடிய தம் வலைத்தளத்துக்கு 1995இல் அதையே சூட்டினார். 2001இல் விக்கிப்பீடியா பிறந்தது. 2003இல் தமிழுக்கும் வந்தது. இன்று தமிழில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

சொல் இப்படி உலகம் சுற்றக் கிளம்புவதற்கு முன், அதைப் பெற்ற மொழி எப்படி இருந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது. 1834லேயே செய்தித்தாள் கண்ட மொழி அது. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்கள் வந்தன. 1893இல் ஹவாயை ஆண்ட அரசியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்; 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் போட்டார்கள். தாய்மொழி பேசிய பிள்ளைகள் வகுப்பில் தண்டனை வாங்கினார்கள். அடி வாங்கிய தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அந்த மொழியைக் கொடுக்கவே பயந்தது. 1980களின் தொடக்கத்தில் அதைப் பேசும் சிறுவர்கள் ஐம்பது பேர்கூடத் தேறமாட்டார்கள் என்று கணக்கிட்டார்கள். பேருந்தின் நெற்றியில் இருந்த சொல் வீட்டு முற்றத்தில் இல்லை.

ஹவாய் மக்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. 1978இல் மாநில அரசமைப்பில் அதை ஆட்சிமொழியாக்கினார்கள். 1984இல் 'மொழிக்கூடு' என்ற பெயரில் மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பெற்றோரும் உடனிருந்து படித்தார்கள். 1987இல் அந்த மொழியில் பாடம் நடத்த அரசுப் பள்ளிகளும் வழிவிட்டன.

ஹவாய் மொழி விக்கிப்பீடியாவில் இன்றைக்கும் கட்டுரைகள் சில ஆயிரம்தான். ஆனால் மூன்று வயதில் மொழிக்கூட்டில் சேரும் ஒரு குழந்தை, ஹவாயின் ஹீலோ நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்வரை அந்த மொழியிலேயே படித்துப் போகலாம்.