ஒரு நிமிடம், ஐம்பது மூச்சு

இருமுகிற குழந்தைக்கு நிமோனியாவா என்று ஸ்டெதஸ்கோப் இல்லாமல் கணிக்க முடியுமா? முடியும் என்று 1980-களில் காட்டியவர்களில் ஒருவர், பாப்புவா நியூ கினியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷான். சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணினால் போதும்.

நிமோனியாவில் காற்றறைகளில் நீர் கோத்து நுரையீரல் விறைத்துப்போகிறது. ஆழமாக இழுக்க முடியாத குழந்தை, சின்னச் சின்ன மூச்சாக விரைந்து இழுத்து ஈடுகட்டப் பார்க்கிறது. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50, அதன்பின் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டால் நிமோனியா என்று கொண்டு அமாக்ஸிசிலின் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. முழுதாக அறுபது நொடி எண்ண வேண்டும். இளைப்பு உள்ள பிள்ளையும் வேகமாகத்தான் மூச்சு விடும் என்பதால், சிலருக்கு மருந்து வீணாகப் போகும். மருத்துவமனை ஒருநாள் நடை தூரத்தில் இருக்கும்போது அந்தப் பக்கம் தவறுவதே மேல் என்பேன்.

லைபீரியாவின் காட்டுக் கிராமங்கள் அப்படிப்பட்டவை. 2003-ல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது நாடு முழுமைக்கும் மிஞ்சிய மருத்துவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். ஒன்பது வயதில் அந்தப் போருக்குத் தப்பிய, இந்தியப் பெற்றோரின் மகன் ராஜ் பஞ்சாபி, மருத்துவம் படித்துத் திரும்பி, 2007-ல் நண்பர்களோடு ஸ்வெட்ரு நகரில் ஒரு சிறு தொண்டு அமைப்பைத் தொடங்கினார். அவருடைய கல்யாண மொய்ப்பணம் 6,000 டாலர்தான் முதல். முதலில் ஹெச்ஐவி நோயாளிகளைக் கவனித்த அந்த அமைப்புக்கு இன்று 'லாஸ்ட் மைல் ஹெல்த்' என்று பெயர். உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, மூச்சு எண்ண ஒரு டைமர், கைச்சுற்றளவு அளக்கும் பட்டை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மலேரியா டெஸ்ட் கிட் எல்லாவற்றையும் ஒரு முதுகுப்பையில் போட்டு அனுப்புகிறார்கள்.

அந்த கிட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இரத்தத்தில் விடும் ஒரு புரதத்தை, பட்டையில் பூசிய எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்ள, கால் மணி நேரத்தில் கோடு தெரிகிறது. ஒட்டுண்ணி செத்த பிறகும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் இரத்தத்தில் சுற்றும். அதனால் போன மாதக் காய்ச்சல் இன்றைய காய்ச்சலாகத் தோன்றலாம். எரித்ரியாவில் நேர்மாறான சிக்கல்: அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் பெருகி, நோய் இருந்தும் கோடு விழவில்லை. அங்கே வேறு புரதத்தைத் தேடும் கிட்டுக்கு மாற வேண்டியதாயிற்று.

இத்தனை நுட்பமான வேலையை உலகில் பல இடங்களில் சம்பளமில்லாத் தொண்டர்கள் தலையில் கட்டுகிறார்கள். லைபீரியா அப்படிச் செய்யவில்லை: எபோலா தொற்று ஓய்ந்தபின், 2016-ல் அரசே இந்த முதுகுப்பைப் பணியைத் தேசியத் திட்டமாக்கியது. சுகாதார நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு முன்னுரிமை. பணியாளருக்கு மாதம் 70 டாலர். இத்தகைய பணியாளர்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, அதற்கும் இரண்டு ஆண்டு கழித்து.