குப்புறக் கிடத்துவது ஏன்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல்)

மூச்சு என்பது நாம் எண்ணிப் பாராமலே செய்யும் வேலை. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்குச் சுமார் 12 முதல் 16 முறை சுவாசிக்கிறார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை லிட்டர் காற்று உள்ளே சென்று திரும்புகிறது. உதரவிதானம் கீழிறங்க, மார்புக்கூடு விரிய, உள்ளழுத்தம் குறைந்து காற்று தானே உள்ளே வருகிறது. அதாவது நாம் காற்றை இழுக்கிறோம். வென்டிலேட்டர் இதற்கு நேர்மாறானது. கொல்லன் உலைத் துருத்தியைப் போல அது காற்றைத் தள்ளுகிறது.

இப்படித் தள்ளி உயிர் காக்கும் முறையை உலகறியச் செய்தது 1952-இல் கோபன்ஹேகன் நகரைத் தாக்கிய இளம்பிள்ளை வாதம். இபுசன் என்ற மயக்க மருந்து நிபுணரின் யோசனைப்படி, சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்துக் கையால் ரப்பர்ப் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தனர். நம்மைப் போன்ற மாணவர்கள்தாம் அவர்கள்!

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், என் மாமா ஒரு மருத்துவமனையில் பத்து நாள் வென்டிலேட்டரில் இருந்து இறந்துபோனார். உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை. அவரைக் குப்புறக் கிடத்தியிருக்கிறார்கள் என்பது ஊழியர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. "எதுக்கு மக்களே அண்ணனக் குப்புறப் போட்டிருக்காவ? மூச்சு முட்டாதா?" என்று அம்மா கேட்டார். முந்திரி ஆலையில் வேலை செய்யும் என் தாயாருக்கு மட்டுமல்ல, வீட்டில் எவருக்குமே விடை தெரியவில்லை. அந்தக் கிடைதான் அவரைக் கொன்றது என்று உறவினர் சிலர் இன்றும் நம்புகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே அந்தக் கேள்வி என் பங்கிற்கு வந்து சேர்ந்தது.

நனைந்த வைக்கோல் போர்

நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. கடும் நிமோனியாவில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இவற்றில் நிறைகிறது, நுரையீரல் கனத்துவிடுகிறது. இந்த நிலையை மருத்துவர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள்.

களத்தில் மழையில் நனைந்த வைக்கோல் போரை நாஞ்சில் நாட்டில் பார்க்காதவர் உண்டா? மேல் அடுக்குகள் தளர்வாக இருக்கும். அடி அடுக்குகள் மேலுள்ள எடையால் நசுங்கித் தட்டையாகிவிடும். மல்லாந்து கிடக்கும் நோயாளியின் நுரையீரலும் அப்படித்தான். முதுகுப் பக்கம் அடியில் இருக்கிறது. நுரையீரல் திசுவில் பெரும்பங்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு இதயமும் அதன்மேல் சாய்கிறது. வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. நுண்ணறைகள் மூடிக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி ஓடும் இரத்தம் ஆக்சிஜன் பெறாமலே திரும்புகிறது. இத்தாலிய மருத்துவர் கட்டினோனி சி.டி. படங்களில் ஆராய்ந்தபோது, வளர்ந்த மனிதனின் நுரையீரலில் திறந்திருக்கும் பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவே இருப்பதைக் கண்டார்.

புரட்டிப் போட்டால் என்ன ஆகும்? இதயம் மார்பெலும்பின்மேல் அமர்கிறது. முன்மார்பு படுக்கையில் அழுந்தி விறைப்பதால், தள்ளப்படும் காற்று முதுகுப் பக்கம் திரும்புகிறது. மூடிய அறைகள் திறக்கின்றன. இரத்த ஓட்டமோ முன்போலவே முதுகுப் பக்கத்தில்தான் மிகுதி. எனவே காற்றும் இரத்தமும் சந்திக்கின்றன. மூச்சு முட்டுவதற்குப் பதில் ஆக்சிஜன் அளவு உயர்கிறது. தானே சுவாசிக்கும் நோயாளிகளும் வீட்டில் இப்படிப் படுக்கலாம் என்று 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் படங்களுடன் விளக்கக் குறிப்பு வெளியிட்டது.

எத்தனை மில்லிலிட்டர்?

இனிச் சிறிது கணக்கு. முன்பெல்லாம் கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. வரை காற்றுத் தள்ளுவது வழக்கம். 1974-இல் வெப், டியர்னி இருவரும் எலிகளுக்கு 45 செ.மீ. நீரழுத்தத்தில் காற்றைத் தள்ளினர். ஒரு மணி நேரத்திற்குள் நுரையீரலில் நீர் நிறைந்து அவை இறந்தன. 1988-இல் திரெய்ஃபுசு குழுவினர் எலியின் மார்பை வெளியே கட்டிவிட்டு, அழுத்தத்தை உயர்த்தியே வைத்துக் காற்றளவைக் குறைத்தனர். அப்போது அந்தச் சேதம் இல்லை. குற்றவாளி அழுத்தம் அன்று, இழுபடுதல் என்பது தெளிவாயிற்று. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். இத்தனை எளிய கருவியில் இத்தனை பெரிய விடை!

165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு, உயரத்தைக் கொண்டு கணக்கிடும் எடை சுமார் 61.5 கிலோ. தராசில் 90 கிலோ காட்டினாலும் இதே எண்தான், ஏனெனில் உடல் பருத்தால் நுரையீரல் வளர்வதில்லை. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் சுமார் 370 மி.லி., 12 என்றால் 740 மி.லி. நோயுற்ற நுரையீரல் ஒரு செ.மீ. நீரழுத்தத்திற்கு 30 மி.லி. விரிவதாகக் கொள்வோம். முதலாவதற்கு ஏறக்குறைய 12 செ.மீ. அழுத்தம் வேண்டும், இரண்டாவதற்கு 25. மூச்சு வெளியேறும்போதும் அறைகள் முற்றிலும் மூடாதிருக்க 10 செ.மீ. அழுத்தத்தை இயந்திரம் நிலைநிறுத்தினால், மொத்தம் 22, 35 என்று வருகிறது. பொதுவாக 30-ஐத் தாண்டலாகாது என்பது விதி.

2000-இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் இவ்விரு அளவுகளும் ஒப்பிடப்பட்டன. 12 மி.லி. பெற்றவர்களில் நூற்றுக்கு 39.8 பேரும், 6 மி.லி. பெற்றவர்களில் 31 பேரும் இறந்தனர். கிடையைப் பற்றிய சான்று 2013-இல் பிரான்சின் கெரான் தலைமையில் வந்தது. நோய் கடுமையான 466 பேரில் ஒரு பகுதியினர் ஒரு முறைக்கு 16 மணி நேரமாவது குப்புறக் கிடத்தப்பட்டனர். 28 நாட்களில் இறந்தோர் அவர்களுள் 16 விழுக்காடு. மல்லாந்தே கிடந்தோருள் 32.8 விழுக்காடு. கிடைதான் கொன்றது என்பாருக்கு இந்த எண்களே விடை. வென்டிலேட்டரில் இருப்பவர்களிலும் நோய் முற்றியவர்களையே குப்புறக் கிடத்துகிறார்கள். அதனால் இறந்தவர் பலர் அந்தக் கிடையில் இருந்ததாக வெளியே நிற்பவருக்குத் தோன்றுகிறது. விரிவு நுரையீரல் முழுவதும் பரவுவதால், திறந்திருக்கும் சிறு பகுதி அளவுமீறி இழுபடுவது குறைகிறது. கிடையும் இயந்திரத்தின் அளவும் ஒன்றுக்கொன்று துணை.

புரட்டுவது எளிய வேலை அன்று. நாலைந்து பேர் வேண்டும். தலைப்பக்கம் நிற்பவர் மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ண, மற்றவர்கள் ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள். குழாய் நழுவினால் உயிருக்கே ஆபத்து. பிறகு கண்களை மூடிப் பாதுகாத்து, முகத்தில் புண் வராமல் தலையை அவ்வப்போது மறுபக்கம் மாற்றி வைக்க வேண்டும். அடுத்த நாள் மீண்டும் மல்லாத்தி, நிலைமையைப் பார்த்து, தேவையானால் மறுபடியும் புரட்ட வேண்டும்.