மே மாத வயிற்றுநோ

மே மாதம் பிறந்துவிட்டால் குடும்ப வைத்தியர்களாகிய எம்மிடம் ஒருவகை வயிற்றுநோவுடன் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள். தொப்புளைச் சுற்றி நோகும். காலையில் கூடும், சனி, ஞாயிறுகளில் காணாமற் போய்விடும். சோதித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. "பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறான் டொக்டர்" என்பார்கள் பெற்றோர். நடிப்பல்ல. பதற்றம் குடலின் அசைவையும் உணர்வையும் மாற்றிவிடும். நோ உண்மையானது.

கியூபெக்கின் பிரெஞ்சுப் பள்ளிகளில் 4ஆம் வகுப்பில் பிரெஞ்சு, 6ஆம் வகுப்பில் பிரெஞ்சும் கணிதமும் என்று மாகாணம் முழுவதற்கும் ஒரே பரீட்சையைக் கல்வி அமைச்சு வைக்கிறது. எம்மவரில் ஆசிரியத் தொழிலில் இருப்போரிடம் இதைப்பற்றிக் கேட்டால் பெருமூச்சுத்தான் முதலில் வரும். கணக்குத்தாளே ஒரு நீண்ட கதை. விலை, அளவு, நிபந்தனை எல்லாவற்றையும் பிரெஞ்சு வசனங்களுக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். பெருக்கலும் பின்னமும் நன்றாகத் தெரிந்த பிள்ளை, கேள்வி விளங்காமல் பேனையைக் கடித்துக்கொண்டிருக்கும். வீட்டில் தமிழ், விளையாட்டில் ஆங்கிலம், 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்தால் எம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வகுப்பில் பிரெஞ்சு. இரண்டு வருடத்துக்கு முன் வந்து, புதியவர்களுக்கான வரவேற்பு வகுப்பில் மொழி பழகிய பிள்ளைக்கும் இங்கே பிறந்த பிள்ளைக்கும் ஒரே தாள். 60 புள்ளி எடுத்தால் சித்தி. அந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்பதை எழுத அதில் இடமில்லை. வசந்தகாலம் முழுவதும் பழைய தாள்களைச் செய்விப்பதிலேயே போய்விடுகிறது என்பது அவர்களின் இன்னொரு குறை.

அவர்கள் சொல்வது நியாயம் என்பதே எமது கருத்து. ஆனால் பிள்ளையின் வயிற்றை முறுக்குவது அந்தத் தாள் மட்டுமல்ல. 1971இல் இலங்கையில் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவபீடத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது, சிங்களமொழி மாணவருக்கு 229. ஒரு புள்ளியில் வாழ்க்கை தலைகீழானதைக் கேட்டும் கண்டும் வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயம் எம்முடன் விமானம் ஏறி வந்திருக்கிறது. இங்கே ஆரம்பப் பள்ளியில் அமைச்சின் தாளுக்கு அந்தப் பாடத்தின் இறுதிப் புள்ளியில் 20 வீதம்தான். கொரோனாவால் 2020இலும் 2021இலும் அமைச்சின் பரீட்சைகள் நடக்கவேயில்லை; அந்தப் பிள்ளைகளும் மேல்வகுப்புக்குப் போனார்கள். உயர்பள்ளியின் கடைசி இரு வருடங்களில் பரீட்சை முக்கியம்தான். அங்கும் தவறியவர் மீண்டும் எழுதலாம், வளர்ந்தோர் கல்வி நிலையமும் உண்டு.

ரியூசன் முடித்து இரவு பதினொரு மணிக்குப் படுக்கும் பிள்ளைக்கு எந்த மருந்தும் உதவாது. 5 முதல் 13 வயது வரை 9 தொடக்கம் 11 மணித்தியால நித்திரை தேவை. படித்தது மூளையில் பதிவதும் நித்திரையில்தான். விடியப்புறம் நாலு மணிக்கு எழுப்பிப் படிப்பித்த ஊர்ப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வகுப்பாசிரியையைச் சந்திக்கும்போது "எத்தனை புள்ளி?" என்று கேட்பதைவிட "எந்த இடத்தில் தடுமாறுகிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் நிறையச் சொல்வார்.

எல்லா நோவையும் பரீட்சையின் தலையில் கட்டிவிடவும் கூடாது. நித்திரையிலிருந்து எழுப்பும் நோ, நிறை குறைதல், மலத்தில் இரத்தம், காய்ச்சல், விடாத சத்தி, வலப்பக்க அடிவயிற்றில் நோ இருந்தால் உடனே காட்டுங்கள். சந்தேகமென்றால் 811ஐ அழைத்துத் தாதியுடன் பேசலாம். பிள்ளையின் பதற்றம் பற்றிப் பேச அதே இலக்கத்தில் 2ஐ அழுத்துங்கள்.