செவிச் செல்வமும் நினைவுச் செல்வமும்

முதுமை எய்தினால் மறதியும் உடன் எய்தும். அஃது ஊழின் செயல். மனிதராற் செய்யத்தக்கது யாதுமில்லை என்று நம்மவருட் பலர் கருதுகின்றனர். அக்கருத்து முற்றும் உண்மையன்று.

ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் அமைப்பித்த கண்டி வாவியை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நடந்தவராவோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அக்கரையிற் பல்லாண்டு என்னுடன் உலாவினார். சொல்லாராய்ச்சியே எங்கட்கு வழித்துணை. பின்னர், வினாவுக்குப் பொருந்தா விடை கூறலானார், பேச்சைக் குறைத்தார், ஈற்றில் நடைக்கும் வாராதொழிந்தார். “ஐயாவுக்கு அறிவு தளர்ந்துவிட்டது” என்றனர் வீட்டார். யானும் நம்பினேன். சோதித்த வைத்தியரோ, தளர்ந்தது அறிவன்று, செவியே என்றார்.

செவி மந்தமாயின், ஒலியைப் பிரித்தறிவதிலேயே மூளையின் ஆற்றல் பெரிதுஞ் செலவாகும். கேட்டதை நினைவில் இருத்துதற்கு எஞ்சுவது சிறிதே. உரையாடல் குறையும், தனிமை மிகும். நினைவிழப்பு நோயில் 45 வீதம் வரை தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடியதென ‘லான்செற்’ மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024இல் மதிப்பிட்டது. அக்குழு தொகுத்த 14 காரணங்களுள் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவற்றோடு செவிப்புலன் குறைவும் ஒன்றாம்.

அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்றாண்டுகள் ஆராய்ந்து 2023இல் முடிவு வெளியிட்டனர். செவிக்கருவியால் எல்லாரும் ஒருபடித்தாகப் பயன் பெற்றிலர். ஆயின் நீரிழிவு முதலிய இடர்கள் மிகுந்த பிரிவினரிடத்து அறிவுத் தளர்ச்சியின் வேகம் 48 வீதம் குறைந்திருந்தது. எனவே கருவி மட்டும் மருந்தன்று. நடையும், நல்லுணவும், நண்பர் கூட்டமும் உடன் வேண்டும்.

கல்வி, கல்லாமை என்னும் இரு அதிகாரங்களை அடுத்து வள்ளுவர் கேள்வியை வைத்த முறை ஈண்டு நினைக்கத்தக்கது. கற்றவனுக்கும் கேட்டல் ஒழியாக் கடன். மூக்குக்கண்ணாடி அணிய நாணாத நாம், செவிக்கருவி அணிய நாணுவதேன்?

நண்பர் கருவி அணிந்தார். சில வாரங்களின் பின் வாவிக்கரைக்கு மீண்டார். யான் கூறிய சொற்பிரிப்பொன்றைப் பிழையெனத் திருத்தினார். மகிழ்ந்தேன், அருகில் நடந்தும் அவர் குறையை உணராதிருந்தமைக்கு நாணினேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டு முதியவர் பேச்சைக் குறைத்தாராயின், அவர் அறிவை ஐயுறுமுன் செவியைச் சோதிப்பியுங்கள்.