பந்தய இன்ஜின்கள் – 6: சக்திக்கு விலை ஆயுள்

ஒரு இன்ஜினிலிருந்து கூடுதல் சக்தி எடுக்க அடிப்படையில் மூன்று வழிகள் உண்டு. கொள்ளளவைக் கூட்டலாம், சிலிண்டருக்குள் அதிகக் காற்றையும் எரிபொருளையும் திணிக்கலாம், ஆர்.பி.எம். எனப்படும் நிமிடச் சுற்றுகளை ஏற்றலாம். பந்தயங்களில் கொள்ளளவுக்குப் பெரும்பாலும் விதியே எல்லை கட்டிவிடும். மிச்சமிருக்கும் இரண்டு வழிகளும் இன்ஜினின் ஆயுளைத் தின்பவை. ஃபார்முலா ஒன் இன்ஜின்களில் இது பளிச்சென்று தெரியும்.

1983-ல் நெல்சன் பிக்கே பிரபாம் காரில் உலக சாம்பியன் ஆனபோது அதிலிருந்தது பி.எம்.டபிள்யூவின் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின். அதன் பிளாக், சாலைக் கார்களுக்கான வார்ப்பிரும்பு பிளாக்கின் வழிவந்தது. 1986-ல் தகுதிச்சுற்றுக்கு டர்போ அழுத்தத்தை ஏற்றியபோது அது 1,300 குதிரைத்திறனைத் தொட்டதாக மதிப்பிடப்பட்டது. அந்த இன்ஜின் சில சுற்றுகள் தாங்கினால் போதும். பந்தயத்துக்கு அதே அழுத்தத்தை வைக்க முடியாது. அழுத்தம் ஏற ஏற வெப்பமும் ஏறும். எரிபொருள் கலவை நேரம் தவறித் தானாகவே வெடிக்கும். பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். 1988-ல் டர்போ அழுத்தம் 2.5 பாருக்குள் அடக்கப்பட்டது. 1989-ல் டர்போவே தடை செய்யப்பட்டது.

அதன்பின் எஞ்சியது ஆர்.பி.எம். மட்டுமே. 2006-ல் வந்த 2.4 லிட்டர் வி8 இன்ஜின்களில் சிலிண்டரின் விட்டம் 98 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணிக்கும் தூரம் 40 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு காஸ்வொர்த் இன்ஜின் 20,000 ஆர்.பி.எம்.மை எட்டியது. 18,000-த்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 600 முறை நின்று திரும்புகிறது. மேல்முனையில் அது புவியீர்ப்பைப் போல 8,000 மடங்குக்கு மேற்பட்ட முடுக்கத்தைச் சந்திக்கிறது. கால் கிலோ எடையுள்ள பிஸ்டன் கனெக்டிங் ராடை ஏறக்குறைய இரண்டு டன் விசையோடு இழுக்கிறது என்று பொருள். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியும் கணமே ராடுக்கு மிக ஆபத்தானது. அப்போது பிஸ்டனை எதிர்த்துத் தள்ள வாயு அழுத்தம் ஏதும் இல்லை. முழு இழுவையும் ராடின் மீதும் அதன் போல்ட்டுகளின் மீதும் விழுகிறது. ஒரு பந்தயத்துக்குள் இது ஆறேழு லட்சம் முறை நடக்கிறது.

இங்கேதான் உலோகக் களைப்பு குறுக்கிடுகிறது. ஒரே இழுப்பில் அறுந்துபோகாத உலோகம், அதே இழுப்பைத் திரும்பத் திரும்பப் பெறும்போது நுண்விரிசல் விட்டு ஒரு நாள் முறிகிறது. எஃகில் சுமை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இந்த முறிவு வருவதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பத்திரமான எல்லை இல்லை. அலுமினிய பிஸ்டனுக்கு ஆயுள் எப்போதுமே எண்ணப்பட்டதுதான். ஆனால் இதே இயல்பு வடிவமைப்பாளருக்குச் சாதகமாகவும் திரும்பும். அசைவினால் வரும் சுமை ஆர்.பி.எம்.மின் இருமடியில் மாறுகிறது. 19,000-லிருந்து 18,000-க்கு இறங்கினால் சுற்று ஐந்து சதவீதம் குறைகிறது, சுமையோ பத்து சதவீதம் குறைகிறது. களைப்பைத் தாங்கும் ஆயுள் அதைவிடப் பல மடங்கு நீள்கிறது. சக்தியில் சிறிது விட்டுக்கொடுத்தால் ஆயுளில் நிறையக் கிடைக்கும் என்பதுதான் இந்தத் துறையின் மிக முக்கியமான கணக்கு.

வால்வுகளின் கதை வேறு. அதிவேகத்தில் எஃகு ஸ்பிரிங் தன் அதிர்விலேயே தடுமாறும். வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாது. ரெனோ 1986-ல் ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயுவைப் பயன்படுத்திக் காட்டியது. பின்னர் எல்லோரும் அவ்வழிக்கே வந்தார்கள். சக்தியும் ஆயுளும் சேர்ந்தே கூடிய அரிய மாற்றம் இது.

ஆயுளை விதியாக்கியது 2004. ஒரு பந்தய வாரத்துக்கு ஒரே இன்ஜின். மாற்றினால் தொடக்க வரிசையில் பத்து இடம் பின்னே. அடுத்த ஆண்டு ஒரே இன்ஜின் இரண்டு பந்தயங்களுக்கு உழைக்க வேண்டியிருந்தது. கிமி ரெய்க்கோனன் மோன்ஸாவில் தகுதிச்சுற்றில் முதலாவதாக வந்தும், இன்ஜின் மாற்றியதற்காகப் பதினோராம் இடத்திலிருந்து புறப்பட்டார். 2007-ல் 19,000, 2009-ல் 18,000 என ஆர்.பி.எம்.முக்கும் உச்சவரம்பு வந்தது. ஒரு ஓட்டுநருக்கு ஆண்டுக்கு எட்டு இன்ஜின்கள்தான் என்றும் ஆனது.

2014-ல் கணக்கே மாறியது. 1.6 லிட்டர் வி6 டர்போவுடன் மின்மோட்டார்கள் சேர்ந்தன. எரிபொருள் ஓட்டம் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்ற விதி வந்தது. 15,000 ஆர்.பி.எம். வரை அனுமதி இருந்தாலும், 10,500-லேயே ஓட்டம் உச்சத்தைத் தொட்டுவிடுவதால் அதற்கு வெகுமேலே சுழற்றுவதில் லாபமில்லை. சக்தி வேண்டுமென்றால் ஒவ்வொரு துளியிலும் கூடுதலாகப் பிழிந்தெடுக்க வேண்டும். 2017-ல் மெர்சிடிஸ் சோதனைக்கூடத்தில் 50 சதவீத வெப்பத்திறனைத் தாண்டியது. 2018-ல் ஒரு பருவத்துக்கு மூன்று இன்ஜின்கள் என்றானது.

அப்போதும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2016-ல் மலேசியாவில் முன்னிலையில் ஓடிய லூயிஸ் ஹாமில்டனின் இன்ஜின் எரிந்தது; பருவ முடிவில் ஐந்து புள்ளிகளில் பட்டம் கைநழுவியது. தகுதிச்சுற்றில் சில நிமிடங்களுக்கு மட்டும் இன்ஜினை உச்சத்தில் முறுக்கிவிட்டு, பந்தயத்தில் தணித்து ஓட்டும் வழக்கமும் நீடித்தது. 2020-ல் மோன்ஸா பந்தயம் முதல் அதுவும் தடுக்கப்பட்டது: தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் இன்ஜினை ஒரே அமைப்பில்தான் ஓட்ட வேண்டும்.