வண்டி வீட்டில் விறகடுப்பு: புகையும் விஷ வாயுவும் வெளியேறும் வழி

அடுப்பில்லாத குடும்பம் இல்லை. ஆயினும் வீட்டில் எரியும் அடுப்பும் வண்டிக்குள் எரியும் அடுப்பும் ஒன்றல்ல. ஓட்டிடுக்கும் கதவும் சன்னலும் காற்றோட்டம் தரும் வீட்டில் அடுப்பின் குற்றம் அன்றைக்குக் கண்ணெரிச்சலாகவும் நாளடைவில் மார்பு நோயாகவும் வெளிப்படும். நாற்புறமும் தகடு அடைத்த வேன், லாரியின்மேல் கட்டிய கூண்டு, விசைப்படகின் அறை ஆகியவற்றிலோ அதே குற்றம் ஓரிரவிலேயே உயிரை மாய்த்துவிடும்.

இது புதுச்சேரி நகரின் வடபால் கடலோரத்தில் அமைந்த வைத்திக்குப்பத்தார்க்கு நெருங்கிய விஷயமாகும். மாசி மகத்தன்று மயிலம், தீவனூர், திண்டிவனம் முதலிய ஊர்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வது இக்கடற்கரையிலேதான். தொலைவிலிருந்து குடும்பத்தோடு வருவோர் வண்டியிலேயே சமைத்து, உண்டு, உறங்க நேரிடுகின்றது. மாசிப் பனியும் கடற்காற்றும் சேரும்போது அடுப்பை உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றுவது இயல்பே. அபாயமும் அங்கேதான் தொடங்குகின்றது.

நெருப்புக்கு வேண்டிய காற்று

விறகு எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த விறகு முற்றும் எரியக் குறைந்தது 140 கன அடிக் காற்று செலவாகும். நடைமுறையில் இதன் இரட்டிப்பு அடுப்பின் வழியே செல்லும். 12 அடி நீளமும் 6 அடி அகலமும் 6 அடி உயரமும் உள்ள வண்டியின் உட்கொள்ளளவு 432 கன அடியே. ஆகவே ஒன்றரைக் கிலோ விறகுக்குள் வண்டிக் காற்று முழுதும் ஒரு தரம் மாறியாக வேண்டும். மாறாவிட்டால் நெருப்பு மூச்சுத் திணறும். அப்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயு மிகுதியாக உண்டாகும்.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுதலோடு இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பின் மயக்கமும் குமட்டலும் தோன்றும். உறங்குவோரோ இவற்றை உணராமலே நினைவிழப்பர். புகை நின்று தணல் மட்டும் கனியும் வேளையில் அபாயமும் நின்றதாகப் பலர் கருதுகின்றனர். இது பெரும் தவறு. புகை கண்டால் மனிதன் எழுந்து வெளியே ஓடுவான். தணல் புகை காட்டாமலே விஷ வாயுவைக் கக்கும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவான் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். அங்கே அடுப்பு எரியவில்லை. ஜெனரேட்டரின் கழிவு வாயு தரையிலிருந்த துளை வழியே உள்ளே ஏறியதென்று வல்லுநர் கண்டனர். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் விடுதியறை ஒன்றைச் சாத்தி, எரிவாயுக் கணப்பு வைத்து உறங்கிய கேரளத்தார் 8 பேர் மாண்டனர். எரிபொருள் எதுவாயினும் கொன்ற வாயு ஒன்றே.

புகைபோக்கி அமைக்கும் முறை

சூடேறிய காற்று விரிந்து இலேசாகின்றது. 300 டிகிரி வெப்பத்தில் அதன் எடை வெளிக்காற்றின் எடையில் ஏறத்தாழப் பாதியே. அது குழாயில் மேலேறும்போது கீழே வெற்றிடம் உண்டாகாதபடி புதுக்காற்று அடுப்புக்குள் நுழையும். இதுவே இழுவை எனப்படும். குழாய் உயர உயர, உட்புறம் சூடாயிருக்க இருக்க, இழுவை வலுக்கும். வளைவு கூடக் கூட அது தளரும். ஆகையால் குழாய் நேராகவே மேலே செல்லவேண்டும். கூரைக்கு மேல் மூன்று அடியாவது நிற்க வேண்டும். ஒன்றரை அடி அடுப்பின்மேல் உள்ளே நாலரை அடியும் வெளியே மூன்று அடியுமாக ஏழரை அடி கிடைக்கும். வண்டி ஓடும்போது வெளிப்பகுதியைக் கழற்றித் துளையை மூடியிட்டு அடைக்கவேண்டும்.

மேற்குழாயின் நுனி கீழ்க்குழாயின் வாய்க்குள் செருகப்பட வேண்டும். மாற்றிச் செருகினால் குழாயில் படியும் தார் நீர் இணைப்பின் வழியே வெளியே வழியும். நாகம் பூசிய தகட்டுக் குழாயைத் தவிர்க்கவேண்டும். மிகுந்த சூட்டில் நாகப் பூச்சு நச்சாவி விடும். ஆஸ்பெஸ்டாஸ் குழாயும் ஆகாது.

ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரம், துணி, ரப்பர் போன்றவற்றிற்கும் இடையே 18 அங்குல இடைவெளி வேண்டும். சிறு வண்டியில் இவ்வளவு இடம் இராது. ஆதலின் கூரையைக் கடக்கும் இடத்தில் நடுவே வெப்பந்தடுக்கும் பஞ்சு நிறைத்த இரட்டைச் சுவர்க் குழாயே தக்கது. மரம் நாள்தோறும் சூடுபட்டு வறண்டு வந்தால் முன்னினும் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றும் என்பதை மறத்தலாகாது.

ஐரோப்பாவின் ரோமா நாடோடிகள் குதிரை வண்டி வீடுகளில் இரும்படுப்பு வைத்து வாழ்ந்தவர்கள். இங்கிலாந்தில் அவர்களது புகைபோக்கி வண்டியின் வலப்புறத்திலேயே அமைந்தது. இடப்புறமாகச் செல்லும் வழக்கமுள்ள நாட்டில் சாலையோர மரக்கிளைகள் இடப்பக்கத்தை உரசும் அல்லவா? நம் நாட்டிலும் சாலை வழக்கம் அதுவே.

காற்று நுழையும் வழி

புகைபோக்கி பாதி வேலையே. நுழைவழி இல்லாத வண்டியில் அது இழுக்காது. அடுப்பின் அருகே தரையை ஒட்டி, குழாயின் வாய்ப்பரப்புக்குக் குறையாத துளை ஒன்றும், மனிதர் சுவாசத்திற்காக உயரே மற்றொன்றும் மூடப்படாமல் இருக்கவேண்டும்.

கடற்கரையில் ஒரு நுட்பம் உண்டு. பகலில் காற்று கடலிலிருந்து வரும். இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும். காற்று மோதும் பக்கத்துச் சன்னல் திறந்திருந்தால் அடுப்புக்குத் துணை. காற்றுக்கு மறைவான பக்கம் மட்டும் திறந்திருந்தால் அது வண்டிக்காற்றை வெளியே உறிஞ்சிப் புகையைக் குழாய் வழியே கீழே இழுக்கும். மாலையில் கீழ்ப்புறம் திறந்து வைத்த சன்னல் நள்ளிரவில் மறைவுப் பக்கமாகிவிடும். ஆகவே இரு பக்கமும் திறப்பு வேண்டும். குழாயின் உச்சியில் தொப்பியும் வேண்டும்.

விறகும் துப்புரவும்

நன்கு உலர்ந்த சவுக்கு விறகு சிறந்தது. ஈர விறகு தாரைக் குழாயில் படியவைக்கும். பின்னொரு நாள் அத்தார் குழாய்க்குள்ளேயே பற்றி எரியும். கடலில் மிதந்து ஒதுங்கிய கட்டையை எரித்தலாகாது. அதிலுள்ள உப்பு இரும்பை அரிப்பதோடு நச்சுப் பொருள்களையும் உண்டாக்கும். சாயம் பூசிய பழைய படகுப் பலகையும் அத்தகையதே.

வார்தாவின் மகன்வாடியில், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்திலிருந்து 1947ஆம் ஆண்டளவில் புகைபோக்கியுள்ள மகன் அடுப்பு வெளிவந்தது. 1983இல் மத்திய சர்க்கார் தேசிய அளவில் திருந்திய அடுப்புத் திட்டம் தொடங்கி 2002 வரை நடத்திற்று. அடுப்பைக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. கரி அடைத்த குழாயைத் துடைப்பாரும் பழுது பார்ப்பாரும் இல்லாத இடங்களில் புகை மீண்டும் வீட்டுக்குள்ளேயே வந்தது. இப்பாடம் வண்டியடுப்புக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

தவிர்க்க வேண்டுவன

வண்டி ஓடும்போது அடுப்பில் நெருப்பு இருத்தலாகாது. உறங்குமுன் தணலை முற்றும் அவித்து, மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் வெளியே வைக்கவேண்டும். குளிருக்கென்று கரிச்சட்டியை உள்ளே கொணர்தல் தற்கொலைக்கு ஒப்பாகும். வண்டியின் உடலை மாற்றுமுன் பதிவு அதிகாரியின் அனுமதி பெறுதல் வேண்டும். இரயில் பெட்டியில் எவ்வகை அடுப்பும் கூடவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26ஆம் நாள் மதுரை நிலையத்தருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில், விதிக்கு மாறாகக் கொணர்ந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி 9 பேர் இறந்தனர்.

ஒருவர் மயங்கிக் கிடந்தால் கதவுகளைத் திறந்து உடனே வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, 108 வண்டியை அழைக்கவேண்டும். பிராணவாயு கொடுப்பதே சிகிச்சை. தெளிந்து எழுந்தாலும் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

இங்கிலாந்தின் கால்வாய்களில் தங்கும் அறையுள்ள படகுகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. இக்கருவி புகைபோக்கிக்கு மாற்றன்று, அதன் காவலாளி. தனியொருவர்க்குச் செலவாகத் தோன்றுவதைச் சங்கம் எளிதில் செய்யலாம். இரட்டைச் சுவர்க் குழாயையும் கருவியையும் மொத்தமாக வாங்கி அங்கத்தினர்க்குத் தவணையில் கொடுக்கலாம். குழாய் துடைக்கும் கம்பித் தூரிகை ஒன்றைச் சங்கக் கட்டடத்தில் பொதுவாக வைக்கலாம். மாசி மகத்திற்கு ஒரு வாரம் முன்பு வண்டிகளின் அடுப்பையும் படகுகளின் அடுப்பையும் அறிந்தவர் ஒருவரைக்கொண்டு சோதிக்கலாம். வைத்திக்குப்பத்துக் கரையில் இவ்வேற்பாடு நடைபெறுமானால், தீர்த்தவாரிக்கு வந்த குடும்பங்கள் அனைவரும் வந்தபடியே வீடு திரும்புவர்.