கோடைத் தரிசும் பசுந்தாள் உரமும்

காவேரிப் பாசன நிலங்களில் நெல் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்குத் தழையெருவின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதன்று. வேம்பு, புங்கு, பூவரசு, எருக்கு, ஆவாரை முதலியவற்றின் தழைகளை வெட்டிக் கொணர்ந்து சேற்றில் மிதித்து, அதன்மேல் நடவு செய்வது இந்நாட்டின் தொன்மையான வழக்கமாகும். இன்று அவ்வழக்கம் பல ஊர்களில் பெரியோர்களின் நினைவில் மாத்திரம் நிற்கின்றது. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே நிலம் வெறுந்தரிசாகக் கிடந்து காய்கின்றது. அந்த இடைக்காலத்தைப் பயன்படுத்தி நிலத்தின் வளத்தை மீட்பது எவ்வாறு என்பதும், அம்முறையை ஓர் ஊரார் அனைவரும் கற்றுக்கொள்வது எவ்வாறு என்பதும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

வழக்கம் குன்றிய வரலாறு

1882ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் ஏற்பட்ட பின்னர், ஒதுக்கப்பட்ட காடுகளில் தழை வெட்டுவது கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. ஆகவே, தழையை வெளியிலிருந்து கொண்டுவராமல் வயலிலேயே பயிரிட்டு மடக்கி உழும் முறையை விவசாய இலாகாவினர் குடியானவர்களிடையே பரப்பி வந்தார்கள். 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதனால் பாசனத்திற்கு நிச்சயம் ஏற்பட்டது. எனினும் வெள்ளத்தோடு வயலை வந்தடைந்த வண்டலில் ஒரு பங்கு அணைக்குள்ளேயே தங்கத் தொடங்கிற்று.

பின்னர் 1965ஆம் ஆண்டளவில் ஆடுதுறை 27 என்னும் நெல்லும், 1966இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் நெல்லும் பரவின. இவை குறுகிய காலத்தில் விளைவன. ரசாயன உரத்தை ஏற்று மிகுந்த பலன் தருவன. பல வண்டித் தழை செய்த வேலையைத் தோளில் சுமந்து வரும் ஒரு மூட்டை யூரியா செய்ததும், தழை வெட்டும் கூலியாட்களைத் தேடுவாரில்லை. அக்காலத்திய உணவுத் தட்டுப்பாட்டை நீக்க இம்மாற்றம் பெரிதும் உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் யூரியா பயிருக்குத் தழைச்சத்தை மட்டும் அளிக்கும்; மண்ணுக்கு மக்கை அளிப்பதில்லை. மக்குக் குறைந்த மண் கோடையில் பாறைபோல் இறுகும். மழையில் விரைவில் குழைந்து மூடிக்கொள்ளும். இட்ட உரத்தையும் நெடுநாள் பிடித்து வைத்திராது. உரத்தின் அளவு ஏறியும் விளைச்சல் ஏறவில்லை என்று குறைப்படுகின்றவர்கள் முதலில் ஆராய வேண்டியது இதனையே.

பசுந்தாள் பயிர் செய்யும் வேலை

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு உள்ளது. நெற்பயிர் அதனை நேரே உட்கொள்ள இயலாது. அவரை இனத்தைச் சேர்ந்த செடிகளின் வேர்க் கணுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் அவ்வாயுவைப் பிடித்துச் சத்தாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கின்றன. இவ்வுண்மையை ஜெர்மனி தேசத்து விஞ்ஞானிகளான ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்பவர்கள் 1888ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார்கள். அதற்கு நெடுங்காலம் முன்பே கொழிஞ்சி முளைத்த வயலில் நெல் செழிப்பதைக் கண்ணால் கண்டவர்கள் நம் குடியானவர்கள்.

இதன் கணக்கு எளியது. ஓர் ஏக்கரில் 5 டன் பசுந்தழை கிடைப்பதாகக் கொள்வோம். அதில் ஐந்தில் நான்கு பங்கு நீர். எஞ்சிய உலர்பொருள் 1 டன். அதில் நூற்றுக்கு இரண்டரை பங்கு நைட்ரஜன் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 25 கிலோ ஆகின்றது. 45 கிலோ கொண்ட ஒரு மூட்டை யூரியாவில் உள்ள நைட்ரஜன் ஏறக்குறைய 21 கிலோவே. ஆகவே ஒரு மூட்டைக்கு மேற்பட்ட யூரியாவுக்கு ஈடான சத்து வயலிலேயே விளைகின்றது. அதில் ஒரு பகுதி செடி மண்ணிலிருந்து எடுத்ததே என்பதையும், முழுவதும் முதற் பயிருக்கே கிட்டிவிடாது என்பதையும் மறத்தலாகாது. எனினும் அதனோடு மண்ணில் சேரும் மக்கை எந்த மூட்டையிலும் வாங்க முடியாது.

நிலத்திற்கேற்ற பயிர்

தக்கைப்பூண்டு தண்ணீர் தேங்கும் நிலத்தையும் களர் நிலத்தையும் தாங்கி வளரும். ஏக்கருக்கு 20 கிலோ விதை வேண்டும். சணப்பு விரைந்து வளரும். ஆனால் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். வடிகால் உள்ள நிலத்திற்கே அது ஏற்றது. ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை போதுமானது. மணிலா அகத்தி தண்டிலும் கணுக்கள் கொண்டது. நீர் நிற்கும் வயலிலும் நைட்ரஜனைச் சேர்க்கும்.

கொழிஞ்சி மேற்கூறியவற்றைப் போல மிகுந்த தழை தருவதன்று. முதலில் மெதுவாகவே வளரும். ஆயினும் கோடை வறட்சியைத் தாங்கும். ஆடுமாடுகள் அதனை விரும்பி மேய்வதில்லை. ஓரிரு முறை விதைத்து, சில செடிகளைக் காய் முற்ற விட்டால், உதிர்ந்த விதையே ஆண்டுதோறும் தானாக முளைக்கும். இதன் விதைத்தோல் கடினமானது. ஆதலால் ஏக்கருக்குரிய 6 முதல் 8 கிலோ விதையை மணலோடு கலந்து நன்றாகத் தேய்த்த பின்னரே விதைத்தல் வேண்டும். இதைச் செய்யாமல் விதைத்துவிட்டு, முளைப்பு இல்லை என்று விதையைப் பழிப்பது முறையன்று.

குறுவை நிலத்தார் கோடை மழையைக் கொண்டு சித்திரை, வைகாசியில் விதைக்கலாம். சம்பா ஒருபோக நிலத்தார் வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் விதைத்தாலும் நடவுக்குமுன் போதிய நாட்கள் கிடைக்கும்.

மடக்கி உழும் பருவம்

தக்கைப்பூண்டையும் சணப்பையும் விதைத்த 45 முதல் 50 நாட்களில், பூக்கத் தொடங்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். பூத்து முற்றவிட்டால் தண்டு நாராகிவிடும், மட்குவதற்கு நாளாகும், மட்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள சத்தையே தற்காலிகமாக இழுத்துக்கொள்வதால் இளநாற்று வெளுக்கும். வயலில் தண்ணீர் கட்டி, சுழற்கலப்பையாலோ சேற்றுழவாலோ தழையை முற்றிலும் மண்ணுக்குள் அமுக்கி, ஒரு வாரம் முதல் பத்து நாள் கழித்து நடவு செய்தல் நலம்.

வடிகாலற்ற பள்ள நிலங்களில் அளவுக்கு மிஞ்சிய தழையை நடவுக்குச் சற்றுமுன் அமுக்கினால் வேரைத் தாக்கும் நச்சு வாயுக்கள் உண்டாகக் கூடும். அத்தகைய நிலத்தில் முன்னதாகவே மடக்கி உழுது, ஒரு முறை நீரை வடித்து மண்ணைக் காற்றாட விடுவது உசிதம்.

குடியானவர் கூறும் தடைகள்

விதை கிடைப்பதில்லை என்பது முதல் தடை. பருவம் வரும்போது கடைக்கு ஓடுவதால் வரும் தொல்லை இது. வரப்போரத்தில் ஒரு வரிசை தக்கைப்பூண்டை விதைக்கென்றே முற்றவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

மேய்ச்சல் இரண்டாவது தடை. அறுவடைக்குப் பின் இராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளுடன் டெல்டாப் பகுதிக்கு வருவது நெடுநாளைய வழக்கம். அவர்கள் கட்டும் கிடையும் நிலத்திற்கு எருவே. ஆதலால் அவர்களைத் துரத்துவது ஊருக்கு நஷ்டமாகும். எந்தப் பகுதியில் கிடை, எந்தப் பகுதியில் பசுந்தாள் என்பதைத் தை, மாசியிலேயே ஊர்க்கூட்டத்தில் தீர்மானித்துக் கீதாரிகளுக்கும் தெரிவித்துவிட்டால் இரு சாராருக்கும் சச்சரவில்லை. தனியொருவர் வயலில் மட்டும் பச்சை தெரிந்தால் ஊரின் மாடுகள் யாவும் அங்கேதான் வந்து சேரும். ஒரு மடைக்குட்பட்டவர்கள் அனைவரும் சேர்ந்து விதைப்பதே இதற்குப் பரிகாரம்.

மூன்றாவது தடை வெளிப்படையாகப் பேசப்படாதது. ஆனால் மற்றவற்றைவிடப் பெரியது. வாய்மொழிக் குத்தகைக்கு நிலத்தை உழுபவர், அடுத்த ஆண்டு அந்நிலம் தம்மிடம் இருக்குமோ இராதோ என்று எண்ணுகின்றார். இவ்வாண்டு இடும் மக்கின் பலன் மறு ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் கிட்டுவது. அப்பலன் வேறொருவருக்குப் போகுமானால் அவர் எதற்காக விதைக்கும் உழவுக்கும் செலவிட வேண்டும்? யூரியாவின் பலனோ அறுவடைக்குள் கைக்கு வந்துவிடும். இதில் குத்தகைதாரரைக் குறைகூற இடமில்லை. நிலம் நெடுங்காலம் யாருடையதோ, அவரே நெடுங்காலப் பலனுக்குரிய செலவை ஏற்பதுதான் நியாயம். நிலச்சுவான்தார்கள் பசுந்தாள் விதையையும் மடக்கி உழும் கூலியையும் தாம் கொடுத்து, அதே குத்தகைதாரரிடம் சில ஆண்டுகளாவது நிலம் தொடரும் என்று உறுதியும் அளிப்பார்களானால், வளம் குன்றிய நிலத்தைத் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் நிலைமை அவர்களுக்கு ஏற்படாது.

ஊரார் கற்கும் முறை

நல்ல முறையானாலும் கற்பிக்கும் விதம் பொருந்தாவிடில் அது பரவாது. 1860களில் சைதாப்பேட்டையில் அமைந்த அரசாங்கப் பண்ணைக்குச் சீமையிலிருந்து நீராவிக் கலப்பைகள் வரவழைக்கப்பட்டன. அவை நம் குடியானவரின் சிறு நிலத்திற்கும் பொருள் வசதிக்கும் ஒவ்வாமையால் வழக்கத்திற்கு வரவில்லை. 1889இல் இந்தியாவுக்கு வந்து ஆராய்ந்த டாக்டர் வோல்கர், 1893இல் வெளியான தமது அறிக்கையில், தேர்ந்த இந்தியக் குடியானவர் பிரிட்டிஷ் குடியானவருக்குத் தாழ்ந்தவரல்லர் என்று எழுதினார். குடியானவருக்கு ஒன்றும் தெரியாது என்று தொடங்கும் உபதேசம் வயல் வரப்போடு நின்றுவிடும்.

இவ்விஷயத்தில் இந்தோனேஷியா தேசத்தின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அங்கே அளவற்ற பூச்சிமருந்தால் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகள் அழிந்து, புகையான் பெருகி நெல்லை நாசஞ்செய்தது. 1986இல் அவ்வரசாங்கம் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடுத்தது. 1989இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியோடு வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கிற்று. ஏறக்குறைய 25 குடியானவர்கள் வாரம் ஒரு முறை ஒரே வயலில் கூடி, பயிரையும் பூச்சியையும் தாமே எண்ணி, கண்டதைப் படமாக வரைந்து, செய்யவேண்டியதைத் தாமே முடிவு செய்தார்கள். நடத்துபவர் கேள்வி கேட்பாரேயன்றி உபந்நியாசம் செய்வதில்லை.

பசுந்தாள் உரத்திற்கும் இம்முறை ஏற்றதே. ஊரில் அனைவரும் நடந்துசெல்லும் பாதையோரத்து வயல் ஒன்றைத் தேர்ந்து, வரப்பிட்டு இரண்டு சமபாகமாக்க வேண்டும். ஒன்றில் பசுந்தாள் பயிரை மடக்கி உழுவது. மற்றொன்றை வழக்கம்போல் விடுவது. இரண்டிலும் ஒரே ரகத்தை ஒரே நாளில் நட வேண்டும். பசுந்தாள் இட்ட பாகத்தில் யூரியாவை ஒரேயடியாக நிறுத்தாமல், இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பயிர் வெளுத்தாலன்றி இடாதிருக்க வேண்டும். தூர்களை எண்ணி, நெல்லையும் வைக்கோலையும் தனித்தனியே நிறுத்து, செலவையும் எழுதி, ஊரார் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஓராண்டு முடிவைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. மூன்று போகமாவது தொடர வேண்டும். கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர உரச் சோதனை நூறாண்டு கடந்ததற்கு, மண்ணின் மாறுதல் மெதுவாகவே வெளிப்படும் என்பதே காரணம்.

பள்ளிப் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு தக்கைப்பூண்டுச் செடியை வேர் அறாமல் பிடுங்கிக் கழுவி, வேர்க் கணுவை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது கணு வேலை செய்வதற்கு அடையாளம். உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. இதற்குக் கருவியும் வேண்டாம், செலவும் வேண்டாம்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் இதில் செய்யக்கூடியவை மூன்று: தை முடிவதற்குள் ஊர்க்கூட்டம் கூட்டிக் கிடைக்கும் பசுந்தாளுக்கும் இடம் பிரித்தல், வேண்டிய விதையைக் கணக்கெடுத்து முன்கூட்டியே விவசாய விரிவாக்க மையத்திற்கு எழுதி அனுப்புதல், பாதையோரத்தில் ஒரு மாதிரி வயலுக்கு இணங்கும் மிராசுதார் ஒருவரைக் கண்டுபிடித்தல். இம்மூன்றும் நிறைவேறிய ஊரில் மற்றவை குடியானவர்களாலேயே நடைபெறும். கோடை உழவுக்கு முன்னரே இதற்கான ஏற்பாடுகளைத் தொடங்குவது அவசியமாகும்.